ஆளில்லாத பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தேன்



ராஜபாளையத்தில் எங்கள் சர்ச்சில் இன்று பாடகர் குழு ஒத்திகை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த சவுண்டு சர்வீஸ் தம்பி செல்வின், சுவர் நெடுக ஸ்பீக்கர்களை வைத்துவிட்டு, "அக்கா, நடுப் பெஞ்சில உக்காந்து கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

கம்ப்யூட்டரில் இதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருக்கிறானாம்.

"அது படம் காட்டத்தானே?" என்றேன்.

"கணக்குப் போடவும்தான்க்கா. பக்கத்து ரூம் மைக்ல பேசுறது எந்த ஸ்பீக்கர்ல எப்போ, எம்புட்டு வரணும்னு அந்த நொடியே கணக்குப் போட்டுரும். நான் நினைச்ச இடத்துல ஆள் இருக்க மாதிரியே கேக்கும்."

தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடினேன்.

வலது தோளருகே ஒரு குரல். "ஏட்டி, செத்த தள்ளி உக்காரு."

தள்ளி உட்கார்ந்தேன். "உக்காருங்க மதினி" என்று வாயும் சொல்லிவிட்டது.

கண்ணைத் திறந்தால் பெஞ்சில் யாருமில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. நாங்கள் பேசி ஒரு வருடமாகிறது. யார் முதலில் பேசுவது என்பதில்தான் வீம்பு. பக்கத்து அறையில் மைக் முன்னால் இடம் கேட்டு, குழுவில் கூடப் பாடும் பெண்ணிடம் அவர் சொன்னதாம் அது.

நான் சொன்னது காதில் விழுந்து மதினியே அறை வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன சொன்ன? இன்னொரு தரம் சொல்லு."

"உக்காருங்க மதினி." இந்த முறை கண்ணைத் திறந்துகொண்டே சொன்னேன்.

உட்கார்ந்தார். உட்கார்ந்ததும், "நீதான் முதல்ல பேசுன" என்றார்.

ஸ்பீக்கரிடம் பேசியதெல்லாம் கணக்கில் வருமா? நீங்களே சொல்லுங்கள்.