கோமகனின் கைதிக்குக் குரல் கொடுத்தவர்

பனி உறைந்த கோட்டையில் பற்கள் கிடுகிடுக்க நடுங்கும் இளம்பெண்ணின் குரல், பழைய இரும்புக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில், வியர்வை சொட்டச் சொட்டப் பதிவானது. மின்விசிறியின் இரைச்சலை மைக் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு டேக்கின்போதும் அதை நிறுத்திவிடுவார்கள். குரல் கொடுத்தவருக்கு நாற்பத்தாறு வயது. குரலுக்குப் பத்தொன்பது. மூன்று வருடமாகவே அதற்குப் பத்தொன்பதுதான்.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரைச் சரியக்கா என்றுதான் அழைத்தார்கள். கைப்பேசியில் கேட்கும் தொடர்கதை அது. சாவே இல்லாத ரத்தக் காட்டேரியான கோமகன் ஒருவன், ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்து கோட்டையில் அடைத்து வைத்திருக்கிறான். அந்தப் பெண்ணுக்குச் சரியக்கா குரல். வசனத்தில் முக்கால்வாசி ஒரே சொல். இந்த அறையைத் தாண்டக் கூடாது என்பான்: சரி. என்னைத் தவிர யாரையும் நினைக்கக் கூடாது என்பான்: சரி. எளிய வேலை என்று தோன்றும். ஆனால் பயந்த சரி வேறு, உருகிய சரி வேறு, பயந்துகொண்டே உருகும் சரி வேறு. கடைசி வகைக்குப் பாதி மூச்சை முன்னாலேயே விட்டுவிட்டு, மீதியைச் சொல்லுக்குள் கரைக்க வேண்டும். அதற்கு அவரை விட்டால் ஆள் இல்லை.

கோமகனுக்குக் குரல் கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் மருந்துக் கடை வைத்திருந்தவர். அவருடைய தொண்டைக்குள் யாரோ ஒரு சிம்மாசனத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். அதில் உட்காரத்தான் ஆள் இல்லை. "நீ என் உடைமை. உன் மூச்சுகூட என்னைக் கேட்டுத்தான் வர வேண்டும்" என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கர்ஜித்துவிட்டு, ஹெட்ஃபோனைக் கழற்றுவார்.

"தங்கச்சி, ரொம்ப சத்தமா போட்டுட்டேனா? காது வலிக்குதா?"

"இல்லண்ணே, நல்லாத்தான் மிரட்டுனீங்க."

"வீட்ல இதே குரல்ல ஒரு நாள் தண்ணி கேட்டேம்மா. சளி பிடிச்சிருக்கா, உங்க கடையில மருந்து இல்லையான்னு கேட்டா உங்க அண்ணி."

இப்படி ஓர் அதிகாரப் பிசாசைப் பெண்கள் ஏன் ஆசையோடு கேட்கிறார்கள் என்று படித்தவர்கள் கவலைப்படுவதுண்டு. கொஞ்சம் யோசித்தால் கவலை குறையும். கோமகனுக்குச் சமைத்துப் போட வேண்டியதில்லை. அவன் குறட்டை விடுவதில்லை, உறங்கினால்தானே விடுவதற்கு. அவனுடைய அம்மா இறந்து நானூறு வருடம் ஆகிறது. பால் பாக்கெட் முதல் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் வரை நாள் முழுக்கத் தானே முடிவெடுத்து அலுத்துப்போன ஒருத்திக்கு, எல்லா முடிவையும் வேறொருவன் எடுத்துக்கொள்ளும் அரை மணி நேரம் சிறையாகத் தெரியாது, விடுமுறையாகத்தான் தெரியும். கேட்பவருக்கு வெளியே வர வழியும் இருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினால் போதும். சரியக்காவுக்கோ, ஹெட்ஃபோனைக் கழற்றிய பிறகுதான் விவகாரமே தொடங்கியது.

இயல்பில் அவர் வாயாடி. வரிசையின் நடுவில் நுழைந்தவர்களை வெறும் பேச்சாலேயே கடைசிக்கு அனுப்பியவர். கணவரே அவரோடு பேச வருவதற்கு முன் தண்ணீர் குடித்துவிட்டு வருவார் என்று கேள்வி. அப்படிப்பட்டவரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஏம்மா, தம்பி வீடு மாத்துறானாம். வேற வீடு கிடைக்கிற வரைக்கும் நம்ம முன்னறையில இருக்கட்டுமா?"

முன்னறை அந்த வீட்டில் ஜன்னலுள்ள ஒரே அறை. பதிவு முடிந்து வந்து தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சரியக்கா படுப்பது அங்கே கிடந்த கட்டிலில்தான். இந்தக் கேள்வி வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். முடியாது என்ற பதிலையும் தயாராகத்தான் வைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வந்தது:

"சரி."

பயந்துகொண்டே உருகும் சரி. மூச்சோடு.

வாதம் செய்வதற்கு நாலைந்து காரணங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்த கணவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. "அவ்வளவுதானா?" என்றார். சாயங்காலமே கொழுந்தன், ஓரகத்தி, இரண்டு பிள்ளைகள், ஒரு ஃபிரிட்ஜ் எல்லாம் வந்து இறங்கின. கட்டிலைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்தார்கள். மாதங்கள் போயின. "வீடு தேடிக்கிட்டேதான் இருக்கோம், அவசரம் இல்லையேக்கா?" என்று ஓரகத்தி கேட்டபோதும் அதே சரிதான் வந்தது. தையல்காரரிடம், காய்கறிக் கடையில், மாடி வீட்டுக்காரம்மாவிடம் எல்லாம் அதுவே. தன் வாய்க்குள் வேறொருத்தி குடியேறிவிட்டது அவருக்குப் புரிந்தது. அவளைக் காலி செய்ய வைக்கத் தொடரைவிட்டு வெளியேறினால்தான் உண்டு.

தொடரை எழுதியதும் கூடத்தை நடத்தியதும் ஒருவரே. ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை, எல்லோருக்கும் மேடம். ஒருபோதும் குரலை உயர்த்தாதவர். கோமகனை இவர் எங்கிருந்து பிடித்தார் என்று நேயர்கள் வியந்தார்கள். கூடத்தில் வேலை பார்த்தவர்கள் வியக்கவில்லை.

"மேடம், எனக்குப் போதும். கதையை முடிச்சுடுங்களேன்."

"எப்படி முடிக்கிறது?" மேடம் எழுதுவதை நிறுத்தவில்லை.

"கோமகன் செத்துப்போகட்டும்."

"சாகாதவன்மா அவன். அதுதானே கதை."

"அப்ப அவ சாகட்டும்."

"மறுபிறவி எடுப்பா. அவன் தேடிக் கண்டுபிடிப்பான்."

"அப்பவாச்சும் வேற யாராவது பேசட்டுமே."

"ஆத்மா ஒண்ணுதானே? குரல் எப்படி மாறும்?"

கணக்கு எங்குமே பிசகவில்லை. சரியக்கா கடைசியாக ஒன்று கேட்டார். "ஒரே ஒரு தடவை, மாட்டேன்னு சொல்லிக்கட்டுமா மேடம்?"

மேடம் நிமிர்ந்து பார்த்தார். "சொல்லேன். நல்லாத்தான் இருக்கும்."

மறுநாள் பதிவு. கோமகன் "என் கண்ணைப் பார்" என்றான். "மாட்டேன்" என்றார் சரியக்கா.

ஒலிப்பதிவு செய்பவருக்குத் தாடி என்று பெயர். அவரிடம் அதிகம் இருந்தது அதுதான். "அக்கா, கெஞ்சுற மாதிரி இருக்கு. கோபமா ஒண்ணு குடுங்க."

"மாட்டேன்."

"இப்ப வெக்கப்படுற மாதிரி இருக்கு."

"தங்கச்சி, உங்க அண்ணியை நெனைச்சுக்க," என்றார் கோமகன் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "அவ சொல்ற மாதிரி சொல்லு. தானா வரும்."

வரவில்லை. எத்தனை டேக் எடுத்தாலும் அந்த மாட்டேனுக்குள் ஒரு சரி ஒளிந்திருந்தது. "இதையே வச்சுக்க, இதுதான் அழகு" என்றார் மேடம். அவர் சொன்னதுதான் நடந்தது. மறுப்பில்கூட என்ன பணிவு என்று நேயர்கள் உருகினார்கள். தொடரை இன்னும் ஒரு வருடம் நீட்டினார்கள். தப்பிக்கச் சுரங்கம் தோண்டிப் பக்கத்துக் கைதியின் அறைக்குள் தலையை நீட்டியது போலிருந்தது சரியக்காவுக்கு.

தொண்டை சரியில்லை என்று சொல்லி, பதிவுக்குப் போவதையே நிறுத்தினார். கூடத்திலிருந்து யாரும் கூப்பிடவில்லை. நிம்மதியாக இருக்க வேண்டிய விஷயம். அவருக்கு அதுதான் உறுத்தியது.

ஒரு மதியம் ஓரகத்தி துணி மடித்துக்கொண்டே கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். அக்கா ஏதோ தொலைபேசிக் கம்பெனியில் அறிவிப்புப் படிக்கிறார் என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"உக்காருங்கக்கா. இன்னிக்குப் பெரிய கட்டம். அவளையும் சாகாதவளா மாத்தப் போறான்."

"காலம் முடியும்வரை என் அருகிலேயே இருப்பாயா?" என்றது மருந்துக் கடைக்காரரின் குரல். வயலின் ஒன்று இழுத்தது. பிறகு, "சரி."

அந்த வசனத்தைச் சரியக்கா பேசவே இல்லை. ஆனால் அந்தச் சரியை அவருக்குத் தெரியும். சற்று அலுப்பு, சற்று உற்சாகம், கடைசியில் லேசாகத் தூக்கல். மைக் திறந்திருந்தபோது தாடி, "அக்கா, டீ சொல்லவா?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது.

"அந்தக் குரல்ல என்ன ஒரு நிம்மதி பாருங்கக்கா," என்று ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை சரியக்கா படியேறிப் போனார். தாடி முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"மேடம் சொன்னாங்கக்கா. உங்க சரி எல்லாத்தையும் சேர்த்து வச்சிருக்கேன். நீங்க வரலைன்னாலும் ரொம்ப நாள் ஓட்டலாம்."

"அது டீக்குச் சொன்னதுய்யா!"

"தெரியாதாக்கா? வாங்கிட்டு வந்ததே நான்தானே."

மேடம் எழுதிக்கொண்டே சொன்னார். "உன் குரல்தானே? சரின்னா சரிதான். எதுக்குச் சொன்னேன்னு கேக்குறவங்களுக்குத் தெரியவா போகுது?"

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த மருந்துக் கடைக்காரர் எழுந்தார். மைக் இல்லாத இடத்தில், முதல் முறையாக, தொண்டைக்குள் இருந்த அந்தச் சிம்மாசனத்தில் ஏறி உட்கார்ந்தார். "அவளை விட்டுவிடு! இக்கணமே அவள் வெளியேறட்டும்!" எழுத்துத் தமிழில்தான் வந்தது; அவருடைய தைரியம் வசனமாக மட்டுமே கைவசம் இருந்தது. மேடத்தின் பேனாவே ஒரு நொடி நின்றது.

கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் கோமகன் போகச் சொல்லிப் போனால், அதற்குப் பெயரும் சரிதான்.

"அண்ணே, நீங்க சும்மா இருங்க," என்றார் சரியக்கா.

"சரிம்மா," என்று அவர் உட்கார்ந்துவிட்டார்.

"வந்ததுதான் வந்துட்ட," என்றார் மேடம், "புதுசா ரெண்டு சரி குடுத்துட்டுப் போ. பழசு சிலது சளியோட இருக்கு."

சரியக்கா வாயைத் திறந்தார். ஏதும் சொல்லாமல் மூடிக்கொண்டு படியிறங்கினார். யாரும் தடுக்கவில்லை. ஆளைப் பிடித்து வைக்க வேண்டிய தேவையே இல்லாததுதான் அந்தச் சிறையின் சிறப்பு.

வீட்டில் ஓரகத்தி முன்னறையை அளந்துகொண்டிருந்தாள். கைப்பேசி ஜன்னல் விளிம்பில் பேசிக்கொண்டிருந்தது.

"அக்கா, பசங்களுக்கு மேசையும் அலமாரியும் வாங்கலாம்னு இருக்கோம். உங்க கட்டிலை மொட்டை மாடியில போட்டுடலாமா?"

"முடியாது."

ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அய்யோ அக்கா! அப்படியே அவ குரல்! இன்னொரு தடவை சொல்லுங்களேன்!"

"முடியாது."

"அந்த மூச்சுகூட அப்படியே வருதுக்கா!"

சரியக்கா கட்டிலைச் சுவரிலிருந்து இழுத்தார். கால்கள் தரையில் கிறீச்சிட்டன. நடு அறையில் அதைப் படுக்கப் போட்டு, மேலே உட்கார்ந்தார்.

"முடியாது. கட்டில் இங்கதான் இருக்கும். நீங்க வீடு பாருங்க."

இந்த முறை மூச்சு இல்லை. ஓரகத்தி சிரிக்கவில்லை. ஜன்னல் விளிம்பில் கைப்பேசி கோமகனுக்கு இன்னொரு சரி சொன்னது.

"இந்த மாசக் கடைசி வரைக்குமாவது இருந்துக்கறோமேக்கா," என்றாள் ஓரகத்தி, குரல் இறங்கி.

சரியக்காவின் உதடுகள் பழக்கத்தில் பிரிந்தன. ஒரு முறை எச்சில் விழுங்கினார்.

"பதினஞ்சாம் தேதி," என்றார்.