ஒரே கறி, இரண்டு கரை

ஆஸ்பத்திரிச் சமையலறையில் அவளைக் கப்பல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இத்தனைக்கும் அவள் கடலில் கால்கூட நனைத்ததில்லை. கணவர் சரக்குக் கப்பலில் ஃபிட்டர். வருஷத்தில் ஒன்பது மாதம் தண்ணீரில், மூன்று மாதம் வீட்டில். அந்த ஒன்பது மாதத்துக்காக வந்த பட்டம் அது. திங்கள் முதல் சனி வரை அவளுக்கு வேலை, காரமும் எண்ணெயும் ஆகாத நோயாளிகளுக்குக் கஞ்சியும் அவித்த காய்கறியும் செய்வது. நூற்றைம்பது தட்டு. உப்பில்லாமல் சமைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதற்காக யாரும் அவளைப் பாராட்டியதும் கிடையாது. அவளைத் திட்டிக்கொண்டேதான் எல்லோரும் குணமானார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேறு. அன்றைக்கு அவள் வெளிநாடு போய்விடுவாள்.

கப்பல் துறைமுகத்தில் நிற்கிற ஞாயிறுகளில் காலையிலேயே கணவர் போன் செய்வார். "இன்னைக்கு மத்தியானம் கரைக்குப் போறேன். ஒரு கடை பார்த்து வச்சிருக்கேன்" என்று ஆரம்பிப்பார். என்ன கறி, எலும்போடா எலும்பில்லாமலா, புளிப்பு எதிலிருந்து வருகிறது, மூடி வைத்து வேகிறதா திறந்து வேகிறதா, எல்லாம் சொல்வார். அவள் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு கறிக்கடைக்கு ஓடுவாள். அவர் அங்கே சாப்பிடுவதை அவள் இங்கே சமைத்துச் சாப்பிட வேண்டும். சாயங்காலம் அவர் மறுபடி கூப்பிட்டு, எப்படி வந்தது என்று கேட்பார். கல்யாணமான புதிதில், ஆளில்லாத வீட்டில் அழுது வடிந்துகொண்டிருந்தவளைத் தேற்ற அவர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. "ஒரே நாள், ஒரே கறி. நடுவுல கடல் இருந்தா என்ன? கொஞ்சம் பெரிய மேசைன்னு நெனச்சுக்கோ" என்றார். பதினேழு வருஷம் அந்த மேசையில்தான் அவர்கள் குடித்தனம் நடந்தது.

கறிக்கடைக்காரருக்கு அவளைக் கண்டால் குஷி. "என்னம்மா, இந்த வாரம் எந்த நாடு?" என்று கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்பார். ஒரு தடவை அவள் பனி நாட்டு மான் கறி கேட்டுவிட்டாள். சீவல் சீவலாக அரிந்து, வெண்ணெயில் வதக்கி, மசித்த உருளைக்கிழங்கோடு புளிப்புப் பழம் வைத்துத் தின்பார்களாம்.

"மானுக்கு நான் எங்கம்மா போவேன்? இந்தா, கிடாக் கறி. கொம்பையும் சேர்த்துத் தர்றேன், பக்கத்துல வச்சுக்கிட்டு மான்னு நெனச்சுச் சாப்பிடு."

அவள் கொம்பை வாங்கவில்லை. ஆனால் மான் என்றுதான் நினைத்துச் சாப்பிட்டாள். அவளிடம் இருந்தது இரண்டே கறி, ஆடும் மாடும். அதை வைத்துக்கொண்டு குளம்புள்ள அத்தனையையும் உலகம் பூராவும் மேய்த்தாள்.

அவளுடைய சமையலறையில் ஒரு ஜன்னல், இரண்டு அடுப்பு, சுவரோரம் ஒரு முக்காலி. கனத்த அடிச் சட்டியை ஏற்றிவிட்டால் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்துவிடுவாள். பொறுமை இல்லாதவர்களுக்குக் கறி சரிப்படாது. நெருப்பைக் கூட்டினால் கல்லாகும், குறைத்துவிட்டு மறந்தால் தானாக இளகும். அந்த மூன்று மணி நேர மறதியில்தான் அவள் ஊர் ஊராகப் போனாள். செம்மறித் தோளை முட்டைக்கோஸோடு அடுக்கி, மிளகும் உப்பும் தண்ணீரும் தவிர எதுவும் சேர்க்காமல் வேகவைத்த அன்று, ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து தெரு மறைந்துபோனது. அதற்கு அந்தப் பக்கம் பனி பெய்துகொண்டிருந்தது. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு மரக்கதவு ஒன்றைத் தள்ளித் திறந்து, அவளுக்கு வழிவிட்டு நின்றார். இன்னொரு ஞாயிறு பட்டையும் தேனும் போட்டு, உலர்ந்த பிளம்ஸ் கிடைக்காமல் பேரீச்சம்பழத்தை நறுக்கிப் போட்ட ஆட்டுக்கறி. அன்று சமையலறைத் தரையெல்லாம் மணலாகக் கிடந்தது. செருப்பை உதறிவிட்டு இருவரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள். மேய்ச்சல் நிலமே ஊராக இருந்த ஒரு துறைமுகத்தில் விலா எலும்பை இரும்புக் கம்பியில் சாய்த்துக் கட்டி, தணலுக்கு எதிரே நாளெல்லாம் நிறுத்தி வைப்பார்களாம். அதை அவள் தோசைக்கல்லில் செய்தாள். புகை தாங்காமல் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். அவள் குதிரை மேல் இருந்தபடியால் இறங்கி வரக் கொஞ்ச நேரமாயிற்று.

முழங்கால் தேய்ந்து கணவர் ஒரேயடியாக வீடு வந்து சேர்ந்தபின்னும் ஞாயிறு மாறவில்லை. பழைய காலண்டர் தாள்களைப் புரட்டி ஒன்றைச் சமைப்பாள். அவர் எதிரே உட்கார்ந்து, "அதே ருசி" என்பார். அவளுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டியிருக்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு கணவரோடு வேலை பார்த்த கப்பல்காரர் ஒருவர் பார்க்க வந்தார். எஞ்சினுக்கு எண்ணெய் போடும் வேலை, அதனால் ஆயில்காரத் தம்பி. அவருக்கும் பேரீச்சம்பழக் கறியைப் பரிமாறி, "நீங்களும் அந்தக் கடைக்குப் போனீங்களா தம்பி? இவர் கூடப் போயிருப்பீங்களே" என்று கேட்டாள்.

தம்பி வாய் நிறையக் கறியோடு சிரித்தார். "அண்ணனாவது, கடையாவது! அண்ணன் கரையில கால் வச்சே நான் பார்த்ததில்லையே அண்ணி. சேர்ந்த வருஷமே கப்பல் ஏணியில வழுக்கி, கப்பலுக்கும் கரைக்கும் நடுவுல தொங்கிட்டாரு. அதுக்கப்புறம் ஏணியப் பார்த்தாலே கை கால் உதறும். ஊருக்கு வரும்போது மட்டும் முன்னால ஒருத்தன், பின்னால ஒருத்தன், நடுவுல இவரு கண்ண மூடிக்கிட்டு. நாங்க சனிக்கிழமை ஊர் சுத்திட்டு வந்தா ஏணி முனையில நின்னுக்கிட்டு ஒவ்வொருத்தனா நிறுத்திக் கேப்பாரு. என்ன தின்னே, என்ன கறி, எலும்பு இருந்துச்சா? போலீஸ்கூட அப்படிக் கேக்காது."

சொல்லி முடித்த பிறகுதான் மேசையில் தான் மட்டும் சிரிப்பது அவருக்குத் தெரிந்தது. கணவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி அவசரமாகக் கை கழுவிவிட்டுப் புறப்பட்டார்.

பாத்திரங்களை ஒதுக்கிவிட்டு வந்து அவள் கேட்டாள். "ஏங்க, நெசமா?"

"ம்."

"பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா நான் என்ன கேலியா பண்ணியிருப்பேன்?"

"நீ சந்தோஷமா இருந்தே. அதைப் போய்..."

"பொய் சொன்னதுகூடப் பரவாயில்லை. அத்தனை ஞாயித்துக்கிழமையும் நான் தனியாவா சாப்பிட்டேன்? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் வேண்டிய நேரத்தில் நாக்கு எழாத ஜென்மம்.

அவளுக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. யாருமில்லாத மேசையில், எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டவரைப் பார்த்துப் பதினேழு வருஷம் சிரித்திருக்கிறாள். நல்ல புடவை கட்டிக்கொண்டு சாப்பிட்ட நாட்களும் உண்டு. நினைக்க நினைக்கக் காது மடல் சுட்டது. அடுத்த ஞாயிறு ஆஸ்பத்திரிக் கஞ்சியையே வீட்டிலும் காய்ச்சினாள். அவருக்கு ஊற்றி வைத்துவிட்டு, தன்னுடையதை அடுப்படியில் நின்றுகொண்டே குடித்தாள். முகம் கொடுத்துப் பேசுவதும் நின்றது. அவர் உப்பு வேண்டும் என்றுகூடக் கேட்காமல் குடித்தார். ஐந்து ஞாயிறு இப்படிப் போனது. முக்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினால் சுவர்தான் இருந்தது, அதற்கு அந்தப் பக்கம் எந்த ஊரும் இல்லை.

ஆறாவது ஞாயிறு அவள் கறிக்கடை வழியாக வர வேண்டியிருந்தது. "கப்பல் மூழ்கிடுச்சாம்மா? ஆளையே காணோம்" என்ற கடைக்காரர், அவள் பதிலுக்குக் காத்திராமல், மாட்டின் முன்னங்காலை ரம்பத்தால் குறுக்கே அறுத்த நாலு துண்டுகளைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்துவிட்டார். ஒவ்வொரு துண்டின் நடுவிலும் வட்டமாக எலும்பு, எலும்புக்குள் மஜ்ஜை.

வாங்கி வந்ததை வீணாக்க அவளுக்கு மனசு வராது. மாவில் புரட்டிச் சிவக்க வறுத்து, வெங்காயமும் கேரட்டும் போட்டு மூடினாள். மூன்று மணி நேரம் கழித்து எலுமிச்சம்பழத்தின் மஞ்சள் தோலை மட்டும் மெல்லத் துருவி, பூண்டோடு நசுக்கி மேலே தூவினாள். எந்த ஊர், எந்தத் தாள் என்று எதுவும் சொல்லாமல் அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பினாள்.

அவர் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய் வைத்தார். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மெதுவாக மென்றார்.

"இது அந்த மழைத் துறைமுகத்துக் கறிதானே? நமக்குக் கல்யாணமாகி மூணாவது வருஷம்."

அவள் திரும்பாமலே நின்றாள்.

"ஆனா சரியா வரலியே" என்றார் அவர். "அன்னைக்குக் கசந்துச்சே. இதுல அந்தக் கசப்பு இல்லை."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. ஒரே ஒரு தடவை செய்த கறி அது. அன்று அவசரத்தில் தோலோடு சேர்த்து உள்ளே இருக்கும் வெள்ளையையும் துருவிவிட்டாள். சட்டி முழுக்கக் கசப்பு. சாயங்காலம் போனில் சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. அந்தக் கசப்பு எந்த நாட்டுக் கடையிலும் இருந்திருக்க முடியாது. அவளுடைய சட்டியில் மட்டும்தான் இருந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவள் திரும்பினாள்.

"சாயங்காலம் போன் பேசும்போதுதான் எனக்குச் சாப்பாடு. கப்பல் ரொட்டியும் அவிச்ச முட்டையும். நீ சொல்லச் சொல்ல, கறி வெந்த பதம், சாறு உதட்டுல ஒட்டினது எல்லாம் எனக்கு நாக்குல வந்துரும்." அவர் எலும்பைத் தட்டில் தட்டி மஜ்ஜையை வெளியே எடுத்தார். "அன்னைக்கு நீ பாதியிலேயே எழுந்துட்டே. நான் அந்தக் கசப்போடயே முழுசாத் தின்னுட்டுத்தான் போனை வச்சேன்."

அவள் முகத்தைப் புடவைத் தலைப்பில் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். இன்னொரு தட்டில் ஒரு துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் கொஞ்சம் மஜ்ஜை எடுத்துக் குடுங்க" என்றாள்.