பதினேழாம் எண்ணுக்கு நேரே ஒரு காலிக் கட்டம்

போன மாதம், மார்ச். போர்ட் பிளேரில் மழை எங்களை மறந்துபோயிருந்த நாட்கள். மரைன் ஹில் ஏற்றத்தில் எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வம். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தபோதுதான் அந்த யோசனை எனக்கு வந்தது. ஒரு மனு எழுதி, வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கினால் என்ன?

விஷயம் இதுதான். எங்கள் தெரு வளைவில் ஒரு பழைய லாட்ஜ் பூட்டிக் கிடக்கிறது. அதை வாடகைக்கு எடுத்து, குடியையும் போதையையும் விட வருபவர்கள் தங்கிச் சிகிச்சை பெறும் மையமாக்கப் போகிறார்கள் என்ற செய்தி அன்று காலை குழாயடிக்கு வந்து சேர்ந்திருந்தது.

“நஷா முக்தி கேந்திராவாம்! ஸ்கூல் வேன் நிக்கிற இடத்துலயா?”

“ஊர்ல இருக்கிற குடிகாரன் எல்லாம் இனிமே நம்ம வாசல்ல!”

நான் படிப்பை முடித்துவிட்டு, வேலைக்கான தேர்வு முடிவுக்காகக் காத்திருந்தேன். கை பரபரவென்று இருந்தது. குடம் நிறைவதற்குள் மனுவின் முதல் பத்தி மனதில் தயார். அன்று மாலையே இந்தியில் எழுதி முடித்தேன். கையெழுத்துக்குத் தனியாக ஒரு பட்டியல். வீட்டு எண் ஒரு கட்டத்தில், அதற்கு நேரே கையெழுத்துக்கு ஒரு கட்டம். அவ்வளவு சுத்தமாக அச்செடுத்திருந்தேன். எங்கள் தெருவின் பெரியவரான பெங்காலி அங்கிள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மூன்றாவது வரியில், “வாஹ் பேட்டா, க்யா லிகா ஹை!” என்னமாய் எழுதியிருக்கிறாய் என்று முதுகில் தட்டினார்.

அந்த மூன்றாவது வரி இதுதான்: ‘இந்தத் தெருவில் மரியாதையான குடும்பங்கள் மட்டுமே வாழ்கின்றன, இப்படிப்பட்ட சிகிச்சை தேவைப்படும் ஒருவர்கூட இங்கே இல்லை.’

முதல் கையெழுத்து அப்பாவுடையது. நான்கே நாளில் கட்டங்கள் கிட்டத்தட்ட நிறைந்துவிட்டன. பாக்கி இருந்தது பதினேழாம் எண். அங்கே இருக்கும் அக்காவை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். அவர் கணவர் வயரிங் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டு இன்வெர்ட்டர்கூட அந்த அண்ணன் மாட்டியதுதான்.

அக்காவுக்கு இந்தி பேச வரும், படிக்க வராது. அதனால் மனுவை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கொஞ்சம் ஏற்ற இறக்கத்தோடுதான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். அவர் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும், “அந்த மூணாவது வரிய இன்னொரு வாட்டி சொல்லு” என்றார். சொன்னேன்.

“அத மட்டும் எடுத்துட்டுக் கொண்டா. போடுறேன்.”

“அக்கா, அதுதான் பஞ்ச் லைனே! அங்கிளே அசந்துட்டாரு.”

“அசரட்டும். எடுத்துட்டு வா.”

“ஏன்க்கா?”

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “கிட்னி கல்லுக்கு ஒருத்தர் மூணு தடவையா மெயின்லேண்டு போவாரு?”

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு மொத்தமாகப் புரிந்தது. அண்ணனுக்குக் கிட்னியில் கல், சென்னையில் வைத்தியம் என்றுதான் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஃபீனிக்ஸ் பே கவுன்ட்டரில் இரண்டு முறை கப்பல் டிக்கெட்டுக்கு ஃபார்ம் நிரப்பிக் கொடுத்தவளே நான்தான். ‘தண்ணி நிறையக் குடிங்கண்ணே’ என்று அவரிடம் அறிவுரை வேறு சொல்லியிருக்கிறேன். வாசலருகில், அந்த இரண்டு முறையும் அவர் தூக்கிப்போன நீலப் பை மறுபடி கட்டி வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

“அங்க இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்காரு,” என்றார் அக்கா. “கப்பல விட்டு இறங்கி ஒரு மாசம், ரெண்டு மாசம். அப்புறம் பழைய கதை. கூட இருந்து பாக்க என்னால முடியுதா? புள்ளைக்கு ஸ்கூல் இருக்கு. இதே அந்த வளைவுல இருந்தா, தினம் சாயங்காலம் கேட் பக்கத்துல போய் நின்னு ஒரு வார்த்தை பேசிட்டாவது வருவேன்.”

“அப்ப எதுக்குக்கா வேணாம்னு கையெழுத்துப் போடுறேங்கிறீங்க?”

அவர் என் பட்டியலை விரலால் தொட்டுக் காட்டினார். “நீதான் நம்பர் போட்டு அழகா கட்டம் கட்டி வச்சிருக்கியே. இது ஒண்ணு மட்டும் காலியா இருந்தா, நாளைக்குக் குழாயடியில என்ன பேச்சுன்னு உனக்குத் தெரியாதா?”

என் சுத்தமான பட்டியல்! கையெழுத்து வாங்கச் செய்த கட்டங்கள், உள்ளே யார் எதை மறைக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும் வலையாகிவிட்டிருந்தன. “யோசிச்சுட்டு வரேங்க்கா” என்று ஓடிவந்துவிட்டேன். மறுநாள் அங்கிள், “பதினேழு பாக்கியா? நான் போய்க் கேக்கவா?” என்றார். அக்கா நடு அந்தமானில் ரங்கத் ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருப்பதாகப் புளுகினேன். அந்த வாரமே அண்ணன் கப்பலேறினார்.

ஞாயிற்றுக்கிழமை சமுதாயக் கூடத்தில் கூட்டம். கருத்துக் கேட்க ஓர் அதிகாரி வந்திருந்தார். மனுவைப் படிக்கும் பொறுப்பு என்னுடையது. கடைசி வரிசையில் அக்கா உட்கார்ந்திருந்தார். முதல் வரி, இரண்டாம் வரி நன்றாகப் போயின. மூன்றாவதில் நாக்கு நின்றுவிட்டது. தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த வரி அச்சில் இருக்கிறதே, அடியில் இத்தனை பேர் கையெழுத்தோடு!

“சார், இந்த வரி உண்மை இல்ல. விசாரிக்காம நான் எழுதிட்டேன். மனுவை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றேன் இந்தியில்.

ஒரே சலசலப்பு. அங்கிள் எழுந்துவிட்டார். “அரே, மத்லப்? கிஸ்கே கர் மே?” யார் வீட்டில் என்கிறார். தலைகள் திரும்பித் திரும்பித் தேட ஆரம்பித்தன. கடைசி வரிசையில் அக்காவின் கை சேலைத் தலைப்பை இறுக்கியது. எனக்கு வேறு வழி தோன்றவில்லை.

“எங்க வீட்லன்னே வச்சுக்கங்க அங்கிள்.”

“அதானே பாத்தேன்! இவங்கப்பா சாயங்காலமானா வாக்கிங் வாக்கிங்னு எங்க போறாருன்னு!” என்று தமிழில் ஒரு குரல். கூடமே சிரித்தது. டீயைத் தவிர எதையும் தொடாத என் அப்பா மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார். மனுவைத் திருத்தித் தந்தால் பார்க்கலாம் என்று சொல்லி அதிகாரி கிளம்பினார்.

வீடு வரை அப்பா எனக்கு முன்னாலேயே நடந்தார். செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டார்: “சொல்றதுக்கு வேற வீடே கிடைக்கலியா உனக்கு?”

“வேற எந்த வீட்டப்பா சொல்லியிருக்கணும்?”

அன்று அவர் வாக்கிங் போகவில்லை.

அதன்பிறகு குழாயடிக்கு நான் போனால் பேச்சு அடங்கும். “அப்பாவுக்கு உடம்பு பரவாயில்லையா?” என்று ஒருவர் மிக மென்மையாகக் கேட்பார். அந்த மென்மைதான் தாங்க முடியாதது. இரண்டு வாரத்தில் நான் சோர்ந்துவிட்டேன். அக்கா இதற்குப் பயந்து எத்தனை வருடமாகக் கிட்னிக் கல்லைச் சுமந்திருக்கிறார்! ஒருநாள் என் குடத்தைக் காணவில்லை என்று தேடினேன். அக்கா தன் முறையில் அதை நிரப்பி ஓரமாக வைத்திருந்தார்.

என் தெருக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பயத்தில் நியாயமும் இருக்கிறது. வளைவில் விளக்கு கிடையாது, வண்டி திரும்ப இடம் இல்லை, அங்கே யார் பொறுப்பாக இருப்பார்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. அந்தப் பயத்தோடு, இப்படிப்பட்டவர்கள் எங்கோ வெளியிலிருந்து வருபவர்கள் என்ற பொய்யையும் சேர்த்துக் கட்டியது என் பேனாதான்.

லாட்ஜ் இன்னும் பூட்டியே கிடக்கிறது. இந்த ஞாயிறு மறுபடி வீடு வீடாகப் போகிறேன். இந்த முறை வெறும் தாள்தான். வீட்டு எண் இல்லை, கையெழுத்தும் இல்லை. ‘மையம் வந்தால் உங்களுக்கு என்ன பயம்? என்னென்ன செய்து கொடுத்தால் சம்மதிப்பீர்கள்?’ இரண்டே கேள்விகள். எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டால் போதும். அண்ணன் கப்பலில் திரும்புவதற்குள் அந்தத் தாள்களை அதிகாரியிடம் சேர்த்துவிட வேண்டும். முதல் தாளை அப்பாவிடம்தான் நீட்டப் போகிறேன். வாங்குவாரா என்று தெரியவில்லை. ஆனால் அந்த இரண்டு கேள்விகளை எழுதி முடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. ஒவ்வொரு சொல்லையும் முதலில் பதினேழாம் எண் வீட்டில் உட்கார்ந்து கேட்பதுபோல் கேட்டுப் பார்த்துத்தான் எழுதினேன்.