பெட்டியில் கிடந்த சின்னத் துண்டு

"புது டர்போ போட்டும் வண்டி ஏம்ல பிந்துது?" என்று மெக்கானிக் ஹெப்ரானிடம் கேட்டான் எபி. என்ஜினுக்குள் காற்றை அழுத்தி வேகம் கூட்டுவது டர்போ. பழையதைவிடச் சீக்கிரம் சுழல்கிற பால்பேரிங் டர்போவை, தன் பாளையங்கோட்டைப் பட்டறையில் அவன்தான் மாட்டியிருந்தான். ஆனால் கால்மைல் பந்தயத்தில் எபி ஓட்டிய வண்டி புகை கக்கிக்கொண்டு கடைசியாக வந்தது.

"ஒங் கைதாம்ல மந்தம். நீ கியர் மாத்துததுக்குள்ள எங்க வீட்டு ஆடு தாண்டிரும்," என்று எபியை ஏசினார் வண்டியின் சொந்தக்காரர் அப்பாத்துரை அண்ணாச்சி. அன்று கழற்றிய ஹெல்மெட்டை எபி பிறகு தொடவேயில்லை.

மறுவாரம் டர்போ வந்த பெட்டியில், சிறு துளையிட்ட ஒரு துண்டு கிடந்ததை ஹெப்ரான் பார்த்தான். எண்ணெயை அளவாக விடுவதற்கான துண்டு அது. பால்பேரிங்குக்கு எண்ணெய் கொஞ்சம் போதும்; பழைய டர்போவுக்குத்தான் தாராளமாகப் போகவேண்டும். அந்தப் பழக்கத்தில் இதை அவனே ஒதுக்கி வைத்திருந்தான். மிஞ்சிய எண்ணெய்தான் புகைந்து வேகத்தைக் கெடுத்திருக்கிறது.

சத்தமில்லாமல் அதை மாட்டினான். அடுத்த பந்தயத்தில் வேறொருவன் ஓட்ட, ஒரு முழு வினாடி குறைந்தது.

"கெட்டிக்காரன்லே நீ!" என்று அண்ணாச்சி முதுகில் தட்டினார். ஹெப்ரான் தன் தவறை அவரிடம் மறைத்துவிட்டான்.

எபி இப்போது சீவலப்பேரிப் பக்கம் மினிபஸ் ஓட்டுகிறான். ஹெப்ரானின் போனை எடுப்பதில்லை. அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் தயவுசெய்து இதை அவனிடம் சொல்லுங்கள். குறை அவன் கையில் இல்லை.