சுறா எண்ணெய் தேடி விழிஞ்ஞம் வரை

போன ஐப்பசியில் நான் திருவனந்தபுரம் போனது அனந்தசயனத்தைச் சேவிக்க அல்ல. என் தங்கை மகள் கோமதிக்குக் கண் தெரியவில்லை என்று தகவல் வந்தது. அந்த ஊர்ச் சாலைக் கடைத்தெருவுக்கு மிளகாய் வற்றல் கொண்டுபோய் விற்றுவரும் எங்கள் தெருக்காரர்தான் சொன்னார். “பிள்ள பொழுது சாஞ்சா சுவரைத் தடவிக்கிட்டு நடக்குதுய்யா. ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வாரும்” என்றார். கோமதிக்கு ஐந்து வயது. அவள் அப்பா அந்தச் சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் கட்டுகிறார். வைத்தியத்துக்காக அந்த ஊருக்குப் போகிறவர்கள் நம் திருநெல்வேலிப் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பதால், வழியையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நாகர்கோவில் வரை ஐம்பது மைல், அங்கிருந்து திருவனந்தபுரம் நாற்பத்திரண்டு மைல். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் பஸ்கள் கரி வாயுவில் ஓடுகின்றன. வண்டியின் பின்னால் ஓர் இரும்பு அடுப்பு, அதில் கரி. வழியெல்லாம் கிளீனர் இறங்கி இறங்கி அதைக் கிண்டிவிடுகிறான். மேடு வந்தால் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ள வேண்டும். முழு டிக்கெட் வாங்கிக்கொண்டு பாதி வழி வண்டியைத் தள்ளிக்கொடுத்த புண்ணியம் எனக்குண்டு. விடியற்காலையில் ஏறியவன் இறங்கும்போது விளக்கு வைத்துவிட்டார்கள்.

திருவிதாங்கூர் எல்லையில், ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் மூட்டை முடிச்சுகளை அவிழ்த்துப் பார்க்கிறார்கள். பர்மா அரிசி நின்றுபோன நாளிலிருந்து ஒரு பிடி அரிசியைக்கூட இஷ்டத்துக்கு இங்கிருந்து அங்கே கொண்டுபோக முடியாது. தங்கைக்கென்று துணிக்குள் சுற்றி வைத்திருந்த அரிசியைச் சேவகன் எடுத்துக்கொண்டான். தங்கச்சி வீட்டுக்கு என்று சொல்லிப் பார்த்தேன். “எல்லாரும் தங்கச்சி வீட்டுக்குத்தான் கொண்டு போறாங்க” என்றான். துவரம்பருப்பையும் சுண்டவற்றலையும் திருப்பிக் கொடுத்தான்.

பழவங்காடியில் இறங்கியதும் பிள்ளையாருக்குக் கோமதி பேரில் ஒரு தேங்காய் விடலை போட்டேன். ஓடு சிதறிய சத்தம் அடங்குமுன் பத்துப் பன்னிரண்டு பேர் பாய்ந்து விழுந்து பொறுக்கினார்கள். நம் ஊரில் சின்னப் பையன்கள் விளையாட்டாகப் பொறுக்குவார்கள். இங்கே சட்டை போட்ட பெரிய மனிதர் ஒருவர் சில்லைத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நடந்தார்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த ஒரே வரிசையில் எட்டு வீடுகள். கோடி வீடு தங்கை சிவகாமியுடையது. பகல் முழுவதும் ஊருக்கெல்லாம் அரிசியும் பயறும் கட்டிக்கொடுக்கும் மாப்பிள்ளை, ராத்திரி வீட்டில் வந்து உட்கார்ந்து தின்பது மரச்சீனிக் கிழங்கு. நாம் மரவள்ளி என்கிறோமே, அதுதான். ரேஷன் அரிசி வாரத்தில் இரண்டு மூன்று நாளைக்குக் காணும். மற்ற நாளெல்லாம் கிழங்கும் புளி மிளகாயும். பால் என்ற பேச்சே இல்லை. வயிறு நிறைகிறது, உடம்பில் ஒன்றும் ஒட்டுவதில்லை. இதற்கு நடுவில் ஆவணியில் குழந்தைக்கு மணல்வாரி அம்மை வேறு வந்து இறங்கியிருக்கிறது. பிறகு வயிற்றோட்டம். கீரை கொடுத்தால் வயிறு இன்னும் போகும் என்று அதையும் நிறுத்தி, வெறும் கஞ்சித் தண்ணீரில் பத்தியம் வைத்திருக்கிறாள் சிவகாமி.

கோமதியைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். வலது கண் வெந்த முட்டையின் வெள்ளைபோல் இருந்தது. இடது கண் வறண்டு, பளபளப்பே இல்லாமல், ஓரத்தில் சோப்பு நுரை காய்ந்ததுபோல் ஒரு திட்டு. என்னை “யாரு?” என்று கேட்டாள். போன சித்திரையில் என் தோளைவிட்டு இறங்காத பிள்ளை அது.

“டாக்டரிடம் காட்டலையா?” என்றேன். சிவகாமி மாடத்திலிருந்து ஒரு புட்டியை எடுத்து வந்தாள். தர்மாஸ்பத்திரியில் கொடுத்த சுறா மீன் எண்ணெய். யுத்தத்தால் சீமை மீனெண்ணெய் வருவது நின்றதால், இந்தக் கடற்கரைச் சுறாவின் ஈரலை உருக்கி இப்போது குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். புட்டியின் அடியில் சொட்டு எண்ணெய்தான் மிச்சம். எனக்குப் பெரிய ஆறுதல். நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவர்கள். அப்படியிருந்தும் குழந்தைக்காக மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்திருக்கிறாளே என்று நினைத்தேன். அந்த நேரத்தில் கோமதி வந்து என் மடியில் உட்கார்ந்து மார்பில் தலையைச் சாய்த்தாள். அவள் தலைமுடியிலிருந்து குப்பென்று மீன் வாடை அடித்தது.

நான் சிவகாமியைப் பார்த்தேன். அவள் தலை குனிந்தாள்.

“வாயில எப்படிண்ணே ஊத்துவேன்? மீனுல்லா அது. கண்ணு எரிஞ்சா நாம தலைக்குத்தானே எண்ணெ வைக்கோம்? உச்சியில வச்சுத் தேய்ச்சா உள்ள இறங்கத்தானே செய்யும்? தெனமும் தேய்ச்சு, ஊற வச்சுக் குளிப்பாட்டினேன். ஒரு நாளுகூட விடலைண்ணே.”

அவளிடம் சோம்பலும் இல்லை, அசட்டையும் இல்லை. ஆசாரத்தையும் கெடுக்காமல், டாக்டர் சொல்லையும் தட்டாமல் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறாள். கண்ணில் சூடு என்றால் நல்லெண்ணெய்க் குளியல் என்று வளர்ந்த நம் வீட்டுப் பெண்கள் யாரும் இதைத்தான் செய்திருப்பார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் புட்டியைச் சுவரில் அடித்திருப்பேன். அடியில் இருந்த சொட்டும் போய்விடுமே என்று விட்டேன்.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஏழு மணிக்கே போய் வரிசையில் உட்கார்ந்தால்தான் பத்து மணிக்குள் பார்க்க முடியும். டாக்டர் மலையாளி, மலையாளம் கலந்து தமிழ் பேசுகிறார். “தலையில தேச்சா எந்து காரியம்? உள்ளே போகணும், கேட்டோ” என்றார். பிறகு என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டார். “வலது கண்ணு போயி. அது இனி வராது. இடது கண்ணு இன்னும் பொட்டலை, உடையலை. இன்னைக்கே எண்ணெ குடிக்கத் தொடங்கினா நிக்கும். இல்லேன்னா இதும் போகும்.” பின்னால் வந்து நின்ற சிவகாமி, “இத்தன நாளு தேய்ச்சதுல கொஞ்சம்கூட இறங்கியிருக்காதா டாக்டர்?” என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தாலும் தேவலை என்று எனக்கு இருந்தது.

ஆஸ்பத்திரியில் எண்ணெய் தீர்ந்துவிட்டது, அடுத்த சரக்கு திங்கட்கிழமைதான். அன்று வியாழன். கடற்கரையில் புதிதாக உருக்கியது கிடைத்தால் அதையே கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதால், அப்படியே விழிஞ்ஞத்துக்குக் கிளம்பினேன். பத்து மைல் இருக்கும். பாதி வழி ஒரு மாட்டுவண்டி, மீதி மழையில் நடை. கடைசி இரண்டு மைல் செம்மண் இறக்கம் வழுக்குகிறது, செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வது நல்லது.

மீன்பிடிக்கிறவர்களின் குடிசைகளுக்கு வெளியே பிலோமினா என்ற பெண் சட்டியில் சுறா ஈரலை உருக்கிக்கொண்டிருந்தாள். நாற்றம் தாங்காமல் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இடுப்பில் ஒரு குழந்தை. அதன் கண்ணிலும் அதே வறட்சி, அதே சோப்பு நுரைத் திட்டு.

“நல்ல எண்ணெ ஏஜண்டு கொண்டுபோவும் அண்ணாச்சி. இது வள்ளத்துல பூசுறதுக்கு. பலகையைப் புழு அரிக்காது” என்றாள்.

“உன் பிள்ளைக்குக் கொடுக்கிறதில்லையா?”

“மீனு சந்தைக்குப் போவும், ஈரலு ஏஜண்டுக்குப் போவும். பிள்ளையளுக்கு மரச்சீனியாக்கும்.”

டாக்டர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அவள் மேலாகத் தெளிந்த எண்ணெயை எனக்குப் புட்டியில் வார்த்துவிட்டு, ஆறியதில் விரலைத் தொட்டுக் குழந்தை வாயில் வைத்தாள். அது சப்புக்கொட்டிக்கொண்டு இன்னும் கேட்டது. இத்தனை நாளாக எங்கள் வீட்டில் நடக்காத காரியம் அங்கே ஒரு நொடியில் முடிந்தது. எனக்கு அழுகை வந்தது.

திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சிவகாமி குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக் காத்திருந்தாள். கரண்டியில் ஊற்றிக் குழந்தை வாயருகே கொண்டுபோனாள். கோமதி வாயை இறுக்கிக்கொண்டாள்.

“இது மீனும்மா. மீனு தின்னா சாமி கண்ணைக் குத்தும்னு நீதானே சொன்ன.”

நம் வீடுகளில் குழந்தைகளிடம் தினம் சொல்கிற வார்த்தைதான் அது. சிவகாமி அந்தக் கரண்டியைத் தன் வாயில் கவிழ்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தி விழுங்கினாள்.

“அம்மா குடிச்சிட்டேன். என் கண்ணைக் குத்தலையே” என்றாள்.

கோமதிக்கு அந்த வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. கையை நீட்டி, அம்மாவின் இரண்டு இமைகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கன்னம் நனைந்திருந்தது, ஆனால் கண் இருந்தது. அப்புறம் வாயைத் திறந்தாள்.

இடது கண் நின்றுவிட்டது. ஒரு வாரத்தில் விளக்கு வைத்த பிறகும் நடமாட ஆரம்பித்தாள். வலது கண்ணுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை. இப்போது யாரைப் பார்த்தாலும் முகத்தைச் சற்று வலப்பக்கமாகத் திருப்பித்தான் பார்க்கிறாள். பெண் குழந்தை. வளர்ந்தபின் என்ன ஆகும் என்று மாப்பிள்ளை கேட்கிறார்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நம் ரூபாயை நாகர்கோவிலிலேயே திருவிதாங்கூர்ச் சக்கரக் காசாக மாற்றிக்கொள்ளுங்கள். அரிசி கொண்டுபோகாதீர்கள், பறிபோகும். சத்திரங்களில் இரண்டு நாளுக்குமேல் தங்க விடுவதில்லை. அம்மை கண்ட குழந்தைக்கு, வயிறு போகிறது என்று பயந்து கீரையை நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். பொழுது சாய்ந்ததும் பிள்ளை தடுமாறினால் மறுநாளே கூட்டிக்கொண்டு போங்கள். கொடுக்கிற எண்ணெயை, எந்தச் சாதியாக இருந்தாலும், வாய்க்குள் ஊற்றுங்கள். சைவம் எனக்கும் உண்டு. கண் போனபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாமி கண்ணைக் குத்தும் என்று பிள்ளைகளிடம் சொல்வதையும் விட்டுவிடுங்கள். சிவகாமி வீட்டில் இப்போது யாரும் அதைச் சொல்வதில்லை. எண்ணெயை எடுத்துக் கொடுத்தால் கோமதி தானாகவே குடிக்கிறாள், துணைக்கு யாரும் குடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் சிவகாமி தினமும் முதலில் ஒரு கரண்டி குடிக்கிறாள்.