கும்மி நின்ற காலை

பிரவீனாவுக்குக் குரல் பெரிது. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில் வேலை. லேத் ஓடும் இரைச்சலுக்கு மேலே ஏறிப் பேசிப் பேசியே வந்த குரல் என்று கணவன் கிருபாசங்கர் கேலி செய்வான். அந்தக் குரலை நம்பித்தான் அவள் ஊர்ப் பெண்களுக்கு வள்ளிக் கும்மி சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். ஞாயிறுதோறும் மாரியம்மன் கோயில் மைதானத்தில் வகுப்பு நடக்கும். தோட்டத்துக்காரர்கள், மில்லுக்குப் போகிறவர்கள், டீச்சர்கள் என்று முப்பது நாற்பது பேர் வட்டம் கட்டி நிற்பார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை எடுத்து, மாரியம்மன் நோன்பித் திருவிழாவன்று அரங்கேற்றம் வைப்பதாக ஏற்பாடு.

சேலை வந்து இறங்கிய வாரத்தில் கொரோனா ஊரடங்கு போட்டார்கள்.

கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு பிரவீனா வகுப்பைச் செல்போன் வீடியோவுக்கு மாற்றினாள். முதல் நாள் ஒரே கூத்தாகிவிட்டது. ஒருத்தி தட்டியது அடுத்தவளுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. நாற்பது வீட்டுக் கைத்தட்டும் தகரத்தில் விழுந்த கல்மழை போலச் சிதற, நடுவில் யாரோ வீட்டு குக்கர் வேறு விசிலடித்தது. தாளமே சேரவில்லை. அதன்பிறகு அவள் ஒரு கட்டுப்பாடு வைத்தாள்.

"யாரும் மைக்கத் தொறக்க வேண்டாமுங்க. நான் ஒருத்தி பாடறேன், அதுக்குத் தட்டிக்கிட்டு வாங்க. எதாச்சும் சொல்லோணும்னா பாட்டு முடிஞ்ச பொறகு சொல்லிக்கலாம்."

அது சரியாக அமைந்தது. பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாடுவாள். சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் பெண்கள் சத்தமில்லாமல் குனிந்து நிமிர்ந்து தட்டுவார்கள். தன் குரலைத் தவிர வேறொன்றும் கேட்காமல் பாடுவது ஆரம்பத்தில் என்னவோபோல் இருந்தது. பிறகு கைகளைப் பார்த்தே யார் தப்புகிறார்கள் என்று சொல்லப் பழகிக்கொண்டாள். கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்த சாயிரா பானுகூட உக்கடத்திலிருந்து வந்து சேர்ந்தாள். "ஊட்டுக்குள்ளயே கெடந்து ஒடம்பு கட்டையாப் போச்சுக்கா. நானும் ஆடறேன்" என்றாள். அடுத்த வருஷம் இரண்டாவது அலை வந்து மறுபடியும் எல்லாவற்றையும் அடைத்தபோது, அந்த வகுப்பு மட்டும் அடைபடாமல் நடந்தது.

அந்த மே மாதம் கோவைக்கு நல்ல மாதமாக இல்லை. மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஓடவில்லை, லாரி ஓடவில்லை; ஆம்புலன்ஸ் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. தொற்று வந்த வீட்டின் முன்னால் மூங்கில் கட்டி அடைத்தார்கள். பால்காரர்கூட அந்தப் பக்கம் போகமாட்டார். அதற்குப் பயந்தே பலபேர் காய்ச்சலை வெளியில் சொல்லாமல் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தார்கள்.

பூவாத்தாள் அப்படித்தான் இருந்திருக்கிறாள். பாலமலை அடிவாரத்தில் தோட்டம், இரண்டு கறவை மாடு, தனிக்கட்டை. மகன் அருண்குமார் பெங்களூரில் மாட்டிக்கொண்டிருந்தான். வகுப்பிலேயே வயதில் மூத்தவள் அவள்தான். கையை ஓங்கித் தட்டுவதிலும் அவள்தான் முதல். முந்தின வாரம் முகம் வாடியிருந்ததைப் பார்த்துப் பிரவீனா கேட்டதற்கு, "சளி புடிச்சிருக்குது கண்ணு, அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பிரவீனா இரண்டாவது பாட்டில் இருந்தாள். பூவாத்தாள் நிற்கவில்லை, கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வாய் அசைந்தது. கூடவே பாடுகிறாள் என்று நினைத்துப் பிரவீனா அடுத்த அடியை எடுத்தாள். பிறகுதான் அந்தக் கையைக் கவனித்தாள். அது கட்டில் சட்டத்தை அடித்துக்கொண்டிருந்தது. பாட்டுக்கும் அந்த அடிக்கும் சம்பந்தமே இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. மறுநொடி படம் தலைகீழாகப் புரண்டு, அந்தக் கட்டத்தில் சிமெண்டு ஓட்டுக் கூரை மட்டும் தெரிந்தது.

"பூவாத்தாக்கா! மைக்கத் தொறங்க! அக்கா!"

பதில் இல்லை. கட்டங்களுக்குள் எல்லாக் கைகளும் அந்தரத்தில் நின்றன.

"பக்கத்துல யாருங்க இருக்கறீங்க? ஒருத்தராச்சும் ஓடிப்போய்ப் பாருங்க!"

அடுத்த தோட்டம் பங்காரம்மாவுடையது. அது எல்லோருக்கும் தெரியும். அவள் மைக்கைத் திறந்தாள். "கைக்கொழந்த வெச்சிருக்கறனுங்கக்கா…" என்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கட்டம் அணைந்தது. தொடர்ந்து இன்னும் இரண்டு அணைந்தன.

சாயிரா பானுதான் குரல் கொடுத்தாள். "அக்கா, என் தம்பி நிஜாம் ஆக்ஸிஜன் வண்டி ஓட்டறான். எங்க தெருப் பசங்க சேர்ந்து விட்டிருக்கற வண்டி. இப்பவே அனுப்பறேன். ஆனா டவுன்ல இருந்து வரணும், நேரமாகும்."

108-க்கு அடித்தபோது வரிசையில் இருப்பதாகச் சொன்னார்கள். பிரவீனா இரண்டு மாஸ்க்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினாள். ஸ்டோரில் கொடுத்திருந்த ஆக்ஸிமீட்டரைப் பையில் போட்டாள். கிருபாசங்கர் வாசலை மறித்து நின்றான்.

"நீ போய் என்ன பண்ணப்போற? கொழந்த நந்திதாவ நெனச்சுப் பாத்தியா?"

"நெனச்சேன்."

"வண்டிதான் வருதுல்ல?"

"வண்டி வந்து சேர்றவரைக்கும் அவுங்க இருக்கோணுமே" என்று சொல்லி, அவன் கைக்குக் கீழே குனிந்து வெளியே வந்து ஸ்கூட்டியை எடுத்தாள். அவன் பின்னாலிருந்து ஏதோ கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போகமாட்டோம் என்று அவளுக்கே தெரியும்.

ரோட்டில் தடுப்பு வைத்திருந்த போலீஸ்காரர் அவள் சொல்லி முடிப்பதற்குள் கயிற்றைத் தூக்கிவிட்டார். தோட்டத்து இரும்புக் கதவு உள்ளே பூட்டியிருந்தது. சங்கிலியில் கட்டிய நாய் துள்ளித் துள்ளிக் குரைத்தது. கிளுவை வேலியில் சந்து பார்த்து, கையைக் கீறிக்கொண்டு உள்ளே நுழைந்தாள்.

பூவாத்தாள் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. விரலில் மாட்டிய கருவி ஆக்ஸிஜன் எழுபத்தாறு என்று காட்டியது.

"போ அம்மணி… கிட்ட வராத…"

"வந்தாச்சுங்க. வண்டி வருது, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

பூவாத்தாள் தலையை ஆட்டினாள். "நான் வல்ல. மாட்ட யாரு பாக்கறது? கறக்காம உட்டா… மடி கட்டிக்கும்… நான் வல்ல."

"மாட்டப் பாத்துக்கலாமுங்க, மொதல்ல நீங்க…"

"யாரு பாப்பா? சொல்லு. இந்த ஊட்டுக்குள்ள யாரு வருவா?"

மாடு கறக்கப் பிரவீனாவுக்குத் தெரியாது. கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். பூவாத்தாள் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். விரலில் இருந்த எண் எழுபத்து மூன்றுக்கு இறங்கியது.

அப்போதுதான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. கீழே விழுந்த போன். குனிந்து எடுத்தாள். வகுப்பை யாரும் முடிக்கவில்லை. அணைந்துபோன கட்டங்களும் திரும்ப வந்திருந்தன. போன் விழுந்தபோது எங்கோ பட்டு மைக் திறந்திருந்தது; நடந்ததெல்லாம் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது.

"அக்கா, நான் பங்காரம்மா பேசறனுங்க." இப்போது அவள் தலை நிமிர்ந்திருந்தது. "கொழந்தைய எங்கம்மா ஊட்டுல உட்டுபோட்டு வாரேன். மாடு ரெண்டையும் எங்க கட்டுத்தாரைக்கு ஓட்டிக்கறேன். நீங்க கெளம்புங்க."

பூவாத்தாள் கண்ணைத் திறந்தாள். "செவலை… ஒதைக்கும்."

"ஒதைச்சா வாங்கிக்கறனுங்க. போங்க நீங்க."

பூவாத்தாளின் பிடி தளர்ந்தது.

நிஜாம் வந்தபோது தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை போட்டிருந்தான்; கண் மட்டும் தெரிந்தது. பிரவீனா சுவரில் தொங்கிய சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். இரண்டு பேருமாகக் கட்டிலோடு தூக்கிப்போய் வண்டியில் ஏற்றினார்கள். முகத்தில் குழாய் வைத்ததும் எண் மெல்ல எண்பத்தைந்தைத் தாண்டியது. கூடப் போக ஆள் இல்லாததால் பிரவீனாவும் ஏறிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி நின்றது. வெயில் ஏறியது. உள்ளே போய்க் கேட்டுவந்த நிஜாம், "பெட் காலியானாத்தான் அக்கா" என்றான். பிறகு சிலிண்டர் முள்ளைப் பார்த்தான். அவன் திரும்பத் திரும்ப அதையே பார்த்ததில், ஆக்ஸிஜன் தீரப்போகிறது என்று பிரவீனாவுக்குப் புரிந்துவிட்டது. முள் சிவப்புக்கோட்டைத் தொட்டபோது அவன் குழாயின் வேகத்தைக் குறைத்தான். பூவாத்தாள் மறுபடியும் தோளால் மூச்சுவிட ஆரம்பித்தாள். பிரவீனா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "சித்தெ பொறுத்துக்குங்க, இதோ ஆச்சு" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எது ஆச்சு என்று அவளுக்கே தெரியவில்லை.

வகுப்புப் பெண்கள் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட் எங்கும் இல்லை. கடைசியில் சாயிரா சொல்லி அனுப்பியதில், யூனுஸ் என்ற பையன் மடியில் சிலிண்டரை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்து சேர்ந்தான். நிஜாம் குழாயை மாற்றி முடித்தபோது அவன் உறைக்குள்ளிருந்து வியர்வை சொட்டியது.

மத்தியானத்துக்குமேல் உள்ளேயிருந்து ஒருவரை மூட்டையாகக் கட்டி வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். சற்று நேரத்தில் பூவாத்தாளின் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரவீனா அந்த இரண்டையும் சேர்த்து யோசிக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அன்று முதல் அவள் வீட்டின் முன்னறையில் தனியாக இருந்தாள். கிருபாசங்கர் பேசவில்லை, தட்டைக் கதவருகே வைத்துவிட்டு நகர்ந்துவிடுவான். சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அவனுக்கும் வந்தது. ராத்திரியில் அடுத்த அறையிலிருந்து அவன் இருமுவதைக் கேட்டு, நந்திதா இருமுகிறாளா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. காய்ச்சல் இறங்கிய பிறகு ஒருநாள் கிருபாசங்கர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான்.

"அந்தம்மா எப்படி இருக்கறாங்க?"

"கொழாயக் கழட்டிட்டாங்களாம். தானா மூச்சு உடறாங்களாம்."

"செரி" என்றான். பிறகு, "இன்னொருக்கா இப்படிப் போறதுன்னா என்னையும் கூட்டிட்டுப் போ" என்றான்.

வகுப்பை நிறுத்திவிடத்தான் பிரவீனா நினைத்தாள். பெண்கள் விடவில்லை. மறுபடி தொடங்கியபோது பழைய கட்டுப்பாட்டை எடுத்துவிட்டாள். எல்லா வீட்டுச் சத்தமும் வரட்டும் என்று விட்டாள். தாளம் கெட்டுத்தான் போனது.

செப்டம்பரில் மைதானத்தில் கூடினார்கள். வகுப்பில் ஆடிக்கொண்டிருந்த டீச்சர் ஒருவர் ஜூன் மாதமே இறந்துபோயிருந்தார். அவர் பெயரைச் சொல்லிச் சற்று நேரம் நின்றுவிட்டுத் தொடங்கினார்கள். பூவாத்தாள் பங்காரம்மாவோடு மொபெட்டில் வந்திறங்கினாள். வந்ததும் வராததுமாக, பால் குறைந்துபோனதற்குப் பங்காரம்மா போட்ட தீவனம்தான் காரணம் என்று எல்லோரிடமும் குறைசொன்னாள். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, வட்டத்தில் வந்து நின்றாள்.

போகப்போகக் கும்மி வேகமெடுக்கும். இரண்டாவது சுற்றிலேயே பூவாத்தாளுக்கு மூச்சு வாங்கியது. பிரவீனா பாட்டை ஏற்றாமல் அதே நடையில் பிடித்துவைத்தாள்.

"ஏனுங்க அம்மணி, பாட்டு தூங்கி வழியுது" என்று யாரோ பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள்.

"இன்னைக்கு இப்படித்தானுங்க" என்றாள் பிரவீனா, பூவாத்தாளின் கைகளைப் பார்த்துக்கொண்டே.