சாயக்காரரும் காற்றெண்ணெயும்

"காற்றின் கரியமில வாயுவையும் தண்ணீரின் ஹைட்ரஜனையும் சேர்த்து எண்ணெய் செய்யலாம் என்கிறார்கள்." ஜெர்மனியிலுள்ள நண்பர் ஐப்பசியில் எழுதிய இந்த வரியை, 1973 கார்த்திகையில், பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் கண்ணையனுக்குப் படித்துக்காட்டுகிறேன்.

மழையில் விறகு நனைந்ததால் அவர் சாயப் பாத்திரத்தை மண்ணெண்ணெய் அடுப்பில் ஏற்றியிருக்கிறார். ஒரே புடவைக்கான பட்டில் பாதி சிவந்து கொடியில் தொங்குகிறது, மீதி கொதிக்கிறது. நடுவில் சூடு தணிந்தால் இரண்டும் இரண்டு சிவப்பாகிவிடும், நெய்கிறவர் வாங்கமாட்டார். அடுப்பில் எண்ணெய் அடிமட்டம். அவர் மனைவி காலையிலிருந்து மண்ணெண்ணெய்க்காக ரேஷன் வரிசையில் நிற்கிறார்.

"காத்துல கிருஷ்ணாயிலா? அத்தச் செய்யவும் அடுப்பு எரிக்கணுமே சார்?"

"எரிக்கணும். கிடைக்கிறதைவிட அதிகமாகவே செலவாகும்."

"அப்ப அத்தச் செய்யுறவனையும் வந்து எம் பொண்டாட்டி பின்னாடி கியூவுல நிக்கச் சொல்லு."

சிரிக்கிறார், கண் தீயைவிட்டு நகரவில்லை. தீ மஞ்சளாகித் துடித்து அணைகிறது. மனைவி வரவில்லை. சூடு ஆறுவதற்குள் நூலை அவசரமாக இன்னும் மூன்று முறை முக்கிப் பிழிந்து, முதல் பாதியின் பக்கத்தில் மாட்டுகிறார்.

"ஈரத்துல ஒண்ணாத்தான் இருக்குது. காஞ்சாதான் சார் தெரியும்."

மழை விடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்பிவிடுகிறேன். இரண்டும் ஒரே சிவப்பாகக் காய்ந்தனவா என்பதை நான் நேரில் உறுதிசெய்யவில்லை.